ஊருக்கு வந்தால் திரும்பப் போக விடுவார்களா?



இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் சாயங்காலம் மீதியைப் படியுங்கள். வெளிநாட்டில் பிள்ளை படிக்கிற வீடு என்றால் மட்டும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

கேள்வி இதுதான். அமெரிக்காவில் படிக்கிற பையனோ பெண்ணோ, ஆராய்ச்சிக்காகப் போயிருக்கும் பேராசிரியரோ, ஊருக்கு ஒரு நடை வந்துபோக ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள்? விமானம் தினமும் பறக்கிறது. லீவும் கிடைக்கிறது. ஆனாலும் "வந்தா திரும்ப விடுவாங்களான்னு தெரியலை" என்கிறார்கள். விசா வாங்கித்தானே போனார்கள், பிறகென்ன பயம் என்று நம்மில் பலருக்குத் தோன்றும். அந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. அதற்கு வயது நூற்று முப்பதுக்கு மேல். ஒரு சீனத் தொழிலாளியிடமிருந்து தொடங்குகிறேன். அவர் மாணவர் இல்லை. ஆனால் இன்றைய மாணவர்களைத் தொடுகிற சட்டம் அவர் வழக்கில்தான் பிறந்தது.

அவர் பெயர் சே சான் பிங். 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் உழைத்து வாழ்ந்தவர். 1882இல் அமெரிக்கா, சீனத் தொழிலாளர்கள் புதிதாக வரக்கூடாது என்று சட்டம் போட்டது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் ஊருக்குப் போய்வரலாம்; கிளம்பும்போது அரசாங்கம் ஒரு சான்றிதழ் கொடுக்கும், திரும்பி வரும்போது அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். சே சான் பிங் அந்தச் சான்றிதழை முறையாக வாங்கிக்கொண்டு 1887 ஜூன் மாதம் சீனாவுக்குக் கிளம்பினார்.

1888 செப்டம்பர் 7 அன்று ஹாங்காங்கில் பெல்ஜிக் என்ற கப்பலில் ஏறினார். அவர் நடுக்கடலில் இருக்கும்போது, அக்டோபர் 1 அன்று, அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து இன்னொரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஸ்காட் சட்டம் என்று பெயர். திரும்பி வருவதற்காகக் கொடுத்த சான்றிதழ்கள் அத்தனையும் அன்றே செல்லாது. அக்டோபர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் சே சான் பிங் சான்றிதழை நீட்டினார். ஒரு வாரத்துக்கு முன் வந்திருந்தால் செல்லுபடியாகியிருக்கும். அவரைக் கரையிறங்க விடவில்லை. அவரைப் போலவே சுமார் 20,000 பேர் கையில் அந்தச் சான்றிதழோடு வெளியே நின்றார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அவர் வழக்குப் போட்டார். 1889 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட். சாரம் இதுதான்: வெளிநாட்டுக்காரரை உள்ளே விடுவதும் விடாததும் ஒரு நாட்டு அரசாங்கத்தின் உரிமை; முன்பு கொடுத்த அனுமதி எதுவாக இருந்தாலும் அரசாங்கம் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சே சான் பிங் திருப்பி அனுப்பப்பட்டார். சீனர்களைத் தடுத்த சட்டத்தை 1943இல் நீக்கினார்கள். அந்தத் தீர்ப்பின் அடிப்படை இன்னும் நிற்கிறது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறவரும் வாசலில் புதிதாக வந்து நிற்பவர்தான் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது.

சரி, அது கூலித் தொழிலாளிக்கு. படிக்க வந்தவர்களுக்கு மரியாதை இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். ஏட்டளவில் இருந்தது. ஆசிரியர், மாணவர், வியாபாரி, சுற்றுலாப் பயணி ஆகியோருக்கு அந்தத் தடையில் விலக்கு உண்டு. நடந்ததைப் பாருங்கள்.

யுங் விங் என்பவர் 1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய முதல் சீனர். அதற்கு முன்பே, 1852இல், அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கியிருந்தார். 1872இலிருந்து 1875க்குள் நான்கு தவணையாக 120 சீனச் சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க வரவழைத்தவர் அவர். 1876இல் யேல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தது. அப்படிப்பட்டவர் சீனாவில் இருந்தபோது, 1898இல், அவருடைய குடியுரிமையை இனி ஏற்க முடியாது என்று அமெரிக்க அரசாங்கம் சொல்லிவிட்டது. பெற்ற பிள்ளைகள் அமெரிக்காவில். 1902இல் இளைய மகன் யேலில் பட்டம் வாங்குகிற நேரம் பார்த்து, எப்படியோ உள்ளே வந்து சேர்ந்தார். 1912இல் ஹார்ட்ஃபோர்டு ஊரிலேயே கண்மூடினார். தன் கல்லூரிக்குத் தன் மகனின் பட்டமளிப்பைப் பார்க்க வர, ஒரு கல்விமான் ஒளிந்து வரவேண்டியிருந்தது.

இன்னொரு ஜோடியின் கதை. 1901இல் கோங் சியாங்சி என்ற இளைஞர் ஓபர்லின் கல்லூரியில் படிக்கக் கப்பல் ஏறினார். லீ ஹாங்ஜாங் என்ற பெரிய சீன அமைச்சரே பாஸ்போர்ட் கொடுத்திருந்தார். சான் பிரான்சிஸ்கோவில், காகிதம் அமெரிக்கச் சட்டம் சொல்லும் முறையில் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அவரும் கூட வந்த நண்பரும் கல்லூரி வாசலை மிதிக்கக் கிட்டத்தட்ட பதினாறு மாதம் ஆனது. 1904இல் சூங் ஐ-லிங் என்ற பெண் ஜார்ஜியா மாநிலத்தில் படிக்க வந்தார். அதே துறைமுகம். அவரையும் நாள்கணக்கில் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். பின்னால் வெள்ளை மாளிகைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தபோது, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டிடமே அதை முகத்துக்கு நேராகச் சொன்னார். 1914இல் இந்த இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கோங் பிற்காலத்தில் சீனாவின் நிதியமைச்சர் ஆனார்.

இப்படிப்பட்ட அவமானங்கள் சேர்ந்துதான் 1905இல் சீன நகரங்களில் அமெரிக்கப் பொருள்களைப் புறக்கணிக்கும் போராட்டம் வெடித்தது. வியாபாரம் அடிபட்டதும், மாணவர்களையும் வியாபாரிகளையும் மரியாதையாக நடத்துங்கள் என்று ரூஸ்வெல்ட் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். பாக்ஸர் கலகத்துக்காகச் சீனாவிடம் வாங்கிய நஷ்டஈட்டில் ஒரு பகுதியை, சீன மாணவர்கள் அமெரிக்காவில் படிப்பதற்காக 1909 முதல் திருப்பிக் கொடுத்தார்கள். பெய்ஜிங்கில் இன்று புகழோடு இருக்கும் சிங்ஹுவா பல்கலைக்கழகம், அப்படி அனுப்பும் மாணவர்களைத் தயார்செய்ய 1911இல் தொடங்கியதுதான்.

அந்தப் பணத்தில் 1935இல் போன ஒருவர் சியான் ஷுவேசென். ராக்கெட் விஞ்ஞானி. 1950இல் அவர் மீது கம்யூனிஸ்ட் என்று சந்தேகம் வந்தது. ஊருக்குப் போகிறேன் என்றார்; போக விடவில்லை. ஒரு பக்கம் நாடு கடத்தும் உத்தரவு, இன்னொரு பக்கம் வெளியேறத் தடை. ஐந்து வருடம் இப்படியே வைத்திருந்து 1955இல்தான் அனுப்பினார்கள். அவர்தான் பிறகு சீனாவின் ஏவுகணைத் திட்டத்துக்குத் தந்தை ஆனார். வாசலை நம்பமுடியாத ஊரில் அறிவாளி எத்தனை நாள் தங்குவான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இப்போது சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1924 சட்டத்திலிருந்து, குடியேற வருகிறவர் கப்பல் ஏறும் முன்பே அமெரிக்கத் தூதரக அதிகாரியிடம் விசா வாங்கவேண்டும் என்று ஆனது. இன்று நாம் கேள்விப்படும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு அடிப்படை 1952ஆம் வருடச் சட்டம். வருகைப் பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் போகும் ஜே-1 விசா 1961இல் வந்தது.

பள்ளிக்கூடத்து வழியில் சொல்கிறேன், புரிந்துவிடும். விசா என்பது கேட்டில் காட்டுகிற சீட்டு. உள்ளே வந்து வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், கேட் சீட்டின் தேதி முடிந்துபோனாலும் யாரும் வகுப்பிலிருந்து எழுப்ப மாட்டார்கள். ஒழுங்காகப் படிக்கிற வரை இருக்கலாம். ஆனால் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், கேட்டில் மறுபடி சீட்டுக் கேட்பார்கள். தேதி முடிந்திருந்தால் புதுச் சீட்டு வாங்கவேண்டும். அந்தச் சீட்டைப் பள்ளிக்குள்ளே கொடுக்க மாட்டார்கள். ஊரில் இருக்கும் தூதரகத்தில் நேர்காணல் முடித்துத்தான் வாங்கவேண்டும். சீட்டு இருந்தாலும் கடைசி வார்த்தை கேட்டில் நிற்பவருடையது. அதாவது விமான நிலையத்து அதிகாரியுடையது.

நேர்காணலில் மாணவர் நிரூபிக்க வேண்டிய முக்கியமான விஷயம், படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்பது. ஊர் மேல் பாசம் இருக்கிறது என்று காட்டச் சொல்கிறார்கள். அந்தப் பாசத்தால் ஊருக்கு வந்தவனைத்தான் அடுத்த நேர்காணலில் மறுபடி உட்கார வைக்கிறார்கள். வராமல் அங்கேயே இருந்தவனுக்கு அந்தச் சோதனை இல்லை. இந்த முரணை யாரும் வேண்டுமென்று திட்டம்போட்டுச் செய்யவில்லை. சட்டம் அப்படி வளர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. இக்னாட்ஸ் மெசெய். நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் 25 வருடம் வாழ்ந்தவர். 1948இல் ருமேனியாவில் சாகக் கிடந்த தாயைப் பார்க்கக் கிளம்பினார். ருமேனியா உள்ளே விடவில்லை. ஹங்கேரியில் 19 மாதம் மாட்டிக்கொண்டார். தாயையும் பார்க்காமல் 1950இல் திரும்பியவரை, பாதுகாப்புக் காரணம் என்று மட்டும் சொல்லி நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் நிறுத்தினார்கள். என்ன காரணம் என்று அவரிடம் சொல்லவில்லை. வேறு எந்த நாடும் அவரை ஏற்கவில்லை. 1953இல் உச்ச நீதிமன்றம், வாசலில் நிற்பவருக்கு விசாரணை கேட்கும் உரிமை இல்லை என்று அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1954 ஆகஸ்டில்தான் வெளியே விட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1963இல், நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர் சில மணி நேரம் மெக்சிகோவுக்குப் போய்வந்ததைப் புதிய நுழைவாகக் கருதக்கூடாது என்று அதே நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. அந்தச் சலுகை கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு. மாணவருக்கு இல்லை.

மெசெய் கதையைப் படித்தபோது, போன தை மாதம் நம் சொந்தத்தில் நடந்த ஒரு பதினாறாம் நாள் காரியம் எனக்கு நினைவுக்கு வந்தது. மகன் வரவில்லை. செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து, அவன் அங்கிருந்தே பார்த்தான். பந்தியில் உட்கார்ந்தவர்கள் "பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராத படிப்பு என்ன படிப்பு" என்றார்கள். அவன் விசா தேதி முடிந்து எட்டு மாதம். ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருடம். புது நேர்காணலுக்கு அப்போது கிடைத்த தேதி மாதக்கணக்கில் தள்ளி இருந்தது. வந்திருந்தால் ஐந்து வருட உழைப்பு அந்தரத்தில் தொங்கும். "வராதேடா" என்று சொன்னது அவன் அம்மாதான். அது பந்தியில் இருந்த யாருக்கும் தெரியாது.

கிட்டத்து வரலாற்றுக்கு வருவோம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நிலைமை இறுகியது. 2002 மார்ச்சில் ஒரு கூத்து நடந்தது. விமானத்தை மோதிச் செத்துப்போன இருவருக்கு மாணவர் விசா அனுமதி கிடைத்துவிட்டது என்ற கடிதம், ஆறு மாதம் கழித்து ஃபுளோரிடாவில் இருந்த விமானப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அரசாங்கத்துக்குத் தலைகுனிவு. 2003இல் செவிஸ் என்ற கணினிப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வெளிநாட்டு மாணவரும் எங்கே படிக்கிறார், படிக்கிறாரா இல்லையா என்று கல்லூரியே அதில் ஏற்றவேண்டும். ஊருக்குக் கிளம்புமுன் எஃப்-1 மாணவர் ஐ-20 என்ற தாளில் கல்லூரி அதிகாரியின் பயணக் கையெழுத்து வாங்கவேண்டும். அது பொதுவாக ஒரு வருடம் செல்லும். ஜே-1காரர்களுக்கு அதற்கு ஈடான தாள் டி.எஸ்-2019.

2017 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. ஈரான், ஈராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு நாட்டுக்காரர்கள் 90 நாள் வரக்கூடாது என்று ஜனாதிபதி டிரம்ப் உத்தரவிட்டார். லீவுக்கு ஊருக்குப் போயிருந்த மாணவர்களும் மாநாட்டுக்குப் போயிருந்த ஆராய்ச்சியாளர்களும் விமான நிலையங்களில் மாட்டிக்கொண்டார்கள். சே சான் பிங் கடலில் இருக்கும்போது சட்டம் மாறியது. இவர்கள் வானத்தில் இருக்கும்போது மாறியது. ஒரு வாரத்தில், பிப்ரவரி 3 அன்று, சியாட்டில் நகர நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் அதை நிறுத்திவைத்தார். திருத்தி எழுதிய மூன்றாவது உத்தரவை 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது. கொரோனா வந்த 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. வெளியே இருந்த மாணவர்களுக்கு 2021 டிசம்பர் 15 அன்றுதான் திறந்தது. சீனாவும் அதே மார்ச்சில் மூடியது. புத்தாண்டு லீவுக்கும் நோய்க்குப் பயந்தும் ஊர் வந்திருந்த இந்திய மாணவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்கள், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் நிறைய. அவர்களுக்கு மறுபடி விசா கொடுக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில். இரண்டரை வருடம் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வைத்தியம் படித்தார்கள்.

2025இல் அமெரிக்கத் தூதரகங்கள் புதிய மாணவர் நேர்காணல் தேதி கொடுப்பதை மே மாதக் கடைசியில் நிறுத்தி, ஜூனில் மறுபடி தொடங்கின. இப்போது விண்ணப்பிப்பவரின் சமூக ஊடகப் பக்கங்களையும் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் நம் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் ஸ்டாம்பிங் முடித்து வருவார்கள். 2025 செப்டம்பரிலிருந்து சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நம்மவர்களில் இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறிய ராமானுஜன், உலகப் போர் முடிந்து 1919இல்தான் திரும்பினார். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறிய சந்திரசேகருக்கு அப்போது வயது 19. அம்மா சீதாலட்சுமி நோயில் இருந்தார். 1931 மே மாதம் அவர் காலமானபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார். அந்தக் காலத்தில் பிள்ளையைத் தடுத்தது கடலும் போரும். இன்று ஒரே நாளில் வந்து சேரலாம். தடுப்பது ஒரு தாள். சந்திரசேகரை யாரும் தாயை மறந்தவர் என்று சொல்லவில்லை. நம் பிள்ளைகளையும் சொல்லவேண்டாம்.

ஆகவே சொந்தங்களே, கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ ஒரு பிள்ளை வரவில்லை என்றால், "ஏன் வரலை" என்று அவன் அம்மாவைக் கேட்காதீர்கள். "விசா தேதி எப்போ முடியுது" என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு நான்கு வார்த்தை:

1. டிக்கெட் போடுமுன் உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். மாமா பையன் போனான் வந்தான் என்ற கதையை நம்பாதீர்கள். அவன் போனபோது இருந்த விதி இப்போது இருக்காது.

2. விசா, பாஸ்போர்ட், பயணக் கையெழுத்து மூன்றின் தேதியையும் ஒரே தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவையுங்கள்.

3. ஐ-20, டி.எஸ்-2019 அசல் தாள்கள் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

4. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், விசா செல்லுபடியாக இருக்கும் காலத்திலேயே ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள். அவசரம் வந்தபின் அவசர நேர்காணல் கேட்க வழி உண்டு. கிடைக்கும் என்று உறுதி இல்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இந்த வருடம் கிளம்பப்போகும் தம்பி தங்கைகளுக்கு அது உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்